சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்: இன்சுலின் அளவு ஏறியும் சர்க்கரை இறங்காத ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவில் ஒரு சின்ன டவுனில் இட்லிக் கடை நடத்தும் 57 வயதுப் பெண்மணி. சர்க்கரை நோய் கண்டுபிடித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எடை 62 கிலோ. மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மருமகள் கடையில் கூடமாட வேலை செய்கிறார். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

நான் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருக்கும் நர்ஸ். மருந்தை முடிவு செய்வது டாக்டர். அந்த மருந்து வீட்டில் எப்படி உள்ளே போகிறது, என்ன சாப்பிடுகிறார்கள், பாதங்களை யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் என் பொறுப்பு.

இந்த அம்மா முதல் பத்து வருடம் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிட்டார். அப்புறம் மாத்திரை மட்டும் போதாது என்று வேறொரு ஆஸ்பத்திரியில் 30/70 கலவை இன்சுலின் (வேகமாக வேலை செய்வது 30 பங்கு, மெதுவாக வேலை செய்வது 70 பங்கு) தொடங்கினார்கள். காலை 24 யூனிட், இரவு 16. சர்க்கரை இறங்கவில்லை. சில மாதம் கழித்து 30, 20 ஆனது. அப்போதும் இறங்காததால் 36, 24. ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் அவருக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றுதான்: "வாயைக் கட்டுங்க." மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தன. இன்சுலின் புட்டிக்கு மட்டும் மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போவார். புட்டியோடு சில சிரிஞ்சுகளும் கொடுப்பார்கள்.

எங்களிடம் அவரைக் கொண்டுவந்தது ஒரு விடிகாலைச் சம்பவம். அடுப்படியில் நின்றவர் வியர்த்து, நடுங்கி, சம்பந்தம் இல்லாமல் பேசினார். மகன் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் கொஞ்ச நேரத்தில் தெளிந்தார். அன்றைக்கு அவர் முழுசாக மயங்கவில்லை, விழுங்க முடிந்தது. அதனால் அது சரியான வைத்தியம். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். இந்த வித்தியாசம் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வந்தபோது கண்டவை

எச்பிஏ1சி 11.2 சதவீதம். மூன்று மாதச் சராசரியாக ரத்தச் சர்க்கரை சுமார் 275-இல் இருந்திருக்கிறது என்று பொருள். ரத்த அழுத்தம் 152/90. சிறுநீரில் புரதம் கசிவதைக் காட்டும் ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம் 180. முப்பதைத் தாண்டினாலே சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் வடிகட்டும் திறனும் குறைந்து 58-இல் இருந்தது.

ஒரு பக்கம் சராசரி 275. இன்னொரு பக்கம் நடுக்கமும் வியர்வையும். இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி என்பதுதான் முதல் கேள்வி. மகன் வாங்கிக் கொடுத்திருந்த குளூக்கோமீட்டரின் நினைவகத்தைத் தேதியோடு எழுதிப் பார்த்தோம். பெரும்பாலான நாட்களில் 280 முதல் 390 வரை. நடுநடுவே 58, 64, 61. அந்தக் குறைந்த எண்கள் மாதம் முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை. எல்லாம் மாத ஆரம்பத்தில், முதல் ஒரு வாரத்துக்குள் இருந்தன.

அந்த அம்மாவுக்கு இது தெரிந்தே இருந்தது. அவர் சொன்ன விளக்கம் இது: "புதுப் புட்டி வாங்கியாந்த வாரம் மருந்துக்கு வீரியம் ஜாஸ்தி. ஒடம்பு தாங்காது. அப்புறம் போகப்போக மருந்து நீர்த்துப் போயிடும்." அதனால் புதுப் புட்டி வந்த வாரத்தில் இரவு ஊசியைப் பல நாள் விட்டுவிடுவார். இதை அவர் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. "கிறுகிறுன்னு வருது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதற்குச் சத்து மாத்திரை கிடைத்தது.

அவருடைய விளக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. கண்ணால் பார்த்ததை வைத்து அவர் போட்ட கணக்கு அது. கணக்கு தப்பு, ஆனால் பார்த்தது சரி. மாத ஆரம்பத்தில் ஏதோ ஒன்று மாறுகிறது. அது என்ன என்று தேட வேண்டியது எங்கள் வேலை.

எங்களுக்கு முதலில் எழுந்த சந்தேகம் வெப்பம். புட்டியை எங்கே வைக்கிறார் என்று கேட்டதற்கு, அடுப்புக்கு மேலே உள்ள பலகையில், எண்ணெய்ப் புட்டிகளுக்குப் பக்கத்தில் என்றார். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. இட்லிக் கடை அடுப்புச் சூட்டில் இன்சுலின் மூன்று வாரத்தில் வீரியம் இழந்துவிடுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதை வைத்து மட்டும் எல்லாவற்றையும் விளக்க முடியவில்லை. சூட்டில் கெடும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடும். மீட்டர் எண்கள் அப்படி இல்லை. ஒரு நாள் 61, மறுநாள் 340. சரிவு இல்லை, முறிவு.

பையைத் திறந்தபோது

அடுத்த வருகைக்கு வீட்டில் உள்ள எல்லா மருந்துச் சாமான்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். புட்டி, சிரிஞ்சு, மாத்திரை, தைலம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பொடி, எதுவாக இருந்தாலும். வந்ததும் நான் எதையும் விளக்கவில்லை. "நேத்து ராத்திரி எப்படிப் போட்டீங்களோ அதே மாதிரி இப்ப போட்டுக் காட்டுங்கம்மா" என்றேன். டாக்டரைக் கேட்டு, அந்த நேரத்து ஊசியை அவர் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருந்தோம்.

அவர் பையிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சை எடுத்தார். கண்ணுக்குக் கிட்டே வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, 36 என்ற கோடு வரை மருந்தை இழுத்தார். புட்டியில் சிவப்பு எழுத்தில் 40 என்று போட்டிருந்தது.

இது தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் மனித இன்சுலின் புட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும். பேனா வடிவ ஊசிக் கருவியில் போடும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜிலும் சில புட்டிகளிலும் ஒரு மில்லியில் 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 36 என்ற கோடு 0.36 மில்லி. அதில் 40 யூனிட் மருந்தை எடுத்தால் உள்ளே போவது 14.4 யூனிட்தான். இரவு 24 என்று எழுதியிருந்தால் போவது 9.6. ஆக, சீட்டில் ஒரு நாளைக்கு 60 யூனிட், உடம்பில் 24. இதுவே தலைகீழாக நடந்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால், இரண்டரை மடங்கு போகும். அது உயிருக்கே ஆபத்து.

ஆரஞ்சு மூடி எப்படி வந்தது? ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மூடி சிரிஞ்சுகள் ஒன்றை இரண்டு மூன்று தரம் பயன்படுத்தியும் ஒரு வாரத்துக்கு மேல் வராது. தீர்ந்ததும் மகன் மெடிக்கல் ஷாப்பில் "இன்சுலின் சிரிஞ்சு ஒரு பாக்கெட்" என்று கேட்பார். அங்கே எந்த இன்சுலின் என்று கேட்கவில்லை, இவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வந்த சிரிஞ்சில் ஊசி மெல்லிசாக இருந்தது, வலிக்கவில்லை. அதனால் அதையே தொடர்ந்து வாங்கினார்கள். மாத ஆரம்பத்தில் சிவப்பு மூடியில் 36 என்றால் உண்மையிலேயே 36 யூனிட். அதுவரை 14 யூனிட்டுக்குப் பழகிய உடம்பு. கிறுகிறுப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அளவைக் கூட்டக் கூட்ட நிலைமை இன்னும் மோசமானது. ஆரஞ்சு நாட்களின் 300-ஐப் பார்த்து அளவு கூட்டப்பட்டது. கூட்டிய அளவு சிவப்பு நாட்களில் முழுசாக இறங்கியது. விடிகாலைச் சம்பவம் 36, 24 என்று ஆன பிறகு வந்த முதல் மாத ஆரம்பத்தில் நடந்திருக்கிறது.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. ஊசி போடச் சேலையை விலக்கியபோது தொப்புளுக்கு இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழ அளவில் மெத்தென்ற மேடு. வருடக்கணக்காக ஒரே இடத்தில் போட்டதால் வந்த கொழுப்புக் கட்டி. அங்கே குத்தினால் வலிக்காது, அதனால் எல்லோரும் அங்கேயே போடுகிறார்கள். அந்த மேட்டில் போட்ட இன்சுலின் எப்போது, எவ்வளவு ரத்தத்தில் கலக்கும் என்று சொல்ல முடியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சிரிஞ்சைச் சரிசெய்துவிட்டு "சீட்டில் உள்ளபடி போடுங்க" என்று அனுப்பியிருந்தால் அந்த வாரமே அவரைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். காகிதத்தில் இருந்த 60 யூனிட்டை அவர் உடம்பு ஒருபோதும் தொடர்ந்து பார்த்ததில்லை. அதோடு மேடு இல்லாத புது இடத்தில் போடும்போது அதே அளவு இன்னும் நன்றாக வேலை செய்யும். எனவே டாக்டர் உண்மையில் உள்ளே போய்க்கொண்டிருந்த அளவையே தொடக்கமாக வைத்தார்: சிவப்பு மூடியில் காலை 14, இரவு 10. கிளிமெபிரைடை நிறுத்தினார். மெட்ஃபார்மின் தொடர்ந்தது. தினமும் காலை வெறும் வயிற்றிலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் சர்க்கரை பார்த்து, மூன்று நாளுக்கு ஒரு தரம் போனில் சொல்ல வேண்டும். மருந்தைக் கூட்டுவதென்றால் இரண்டு யூனிட் இரண்டு யூனிட்டாக.

மெதுவாகப் போனதற்கு இன்னொரு காரணம் கண். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருப்பவருக்குச் சர்க்கரையை அவசரமாக இறக்கினால் ஆரம்பத்தில் கண் இன்னும் மோசமாகலாம். அவர் பதினான்கு வருடத்தில் ஒரு தரம்கூடக் கண்ணுக்கு மருந்து விட்டு விழித்திரையைக் காட்டியதில்லை. கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்திருக்கிறார். ஜன்னல் பக்கம் திரும்பி கோட்டைத் தேடியது நினைவில் இருந்ததால், அந்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு கண்ணிலும் நடுத்தர அளவு பாதிப்பு. வலது கண்ணில் பார்வையின் மையப் பகுதியில் வீக்கம். கண்ணுக்குள் போடும் ஊசி தொடங்கினார்கள். புகையால் கண் மங்குகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பேனாவுக்கு மாறலாமா என்றும் யோசித்தோம். திருகினால் சத்தம் வரும், கோடு பார்க்க வேண்டாம், மூடிக் குழப்பமே வராது. ஆனால் இலவசமாகக் கிடைப்பது புட்டிதான். கார்ட்ரிட்ஜும் ஊசியும் மாதாமாதம் காசு கொடுத்து வாங்க வேண்டும். காசு தட்டுப்பாடான மாதத்தில் வீட்டில் கார்ட்ரிட்ஜும் இருக்கும், சிவப்பு மூடி சிரிஞ்சும் இருக்கும். அந்தச் சேர்க்கைதான் எனக்குப் பயம். எனவே புட்டியும் சிவப்பு மூடியுமே இருக்கட்டும் என்று முடிவானது. மருந்தை இழுக்கும் வேலை மருமகளுக்கு, போடும் வேலை இவருக்கு. வீட்டிலிருந்த ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகள் அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டோம். மகனிடம் காலி சிவப்பு மூடி ஒன்றைக் கொடுத்து, கடையில் அதைக் காட்டி வாங்கச் சொன்னோம். மெல்லிய ஊசியுள்ள சிவப்பு மூடி சிரிஞ்சும் கிடைக்கும் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

சாப்பாட்டைப் பற்றி நாங்கள் முதல் மாதம் ஏறக்குறைய எதுவும் பேசவில்லை. இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. என் கட்சி இது: பல வருடமாக "வாயைக் கட்டுங்க" என்று கேட்டுக்கேட்டு அவர் தன்னைக் குற்றவாளியாகவே நினைக்கிறார். குற்றம் சிரிஞ்சில் இருந்தது என்று தெரிந்த பிறகும் அதே பல்லவியைப் பாடக் கூடாது. நேரத்தை மட்டும் மாற்றினோம். விடிகாலை ஐந்துக்கு ஊசி போட்டுக்கொண்டு, கடைக்கூட்டம் ஓய்ந்தபின் பத்து மணிக்கு, மிச்சமிருந்த இட்லியைச் சாப்பிடுவது அவர் வழக்கம். இந்த இன்சுலின் போட்ட அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும். கடை ஆறரைக்குத்தான் சூடு பிடிக்கும். எனவே ஐந்தரைக்கு ஊசி, ஆறு மணிக்கு முதல் ஈடு இட்லியில் மூன்றும் சாம்பாரும் அவருக்கு. "மொத ஈடு வியாபாரத்துக்கு முன்னாடி நான் எப்படித் திங்கிறது?" என்று தயங்கினார். மருமகள்தான் "மொதல்ல சாமிக்கு, அப்புறம் அத்தைக்கு, அப்புறம் யாவாரம்" என்று தீர்த்துவைத்தார்.

ஊசி மேலேயே அவருக்கு ஒரு பயம் இருந்தது. அவருடைய அக்காவுக்கு ஊசி தொடங்கிய இரண்டு வருடத்தில் டயாலிசிஸ். "ஊசி வந்தா அடுத்து கிட்னிதான்" என்றார். ஊசி வருவதற்குள் பல வருடம் சர்க்கரை ஏறிக் கிடந்திருக்கும், சிறுநீரகம் கெட்டது அந்த வருடங்களில், ஊசி வந்தபோது அது வெளியே தெரிந்தது என்று விளக்கினேன். முழுசாக ஒப்புக்கொண்டாரா தெரியாது. ஆனால் அவருடைய சிறுநீர்ப் பரிசோதனையைக் காட்டி, இப்போது என்ன நிலை, என்ன செய்தால் இது இங்கேயே நிற்கும் என்று சொன்னபோது கவனமாகக் கேட்டார். அப்போதுதான் மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரையைப் பையின் அடியிலிருந்து எடுத்தார். சிறுநீரகத்துக்கு ஆகாத ரகம். அது நின்றது. ரத்த அழுத்தத்துக்கும் ஆல்புமினுக்கும் சேர்த்து டெல்மிசார்டன், கொழுப்புக்கு ஸ்டேட்டின் டாக்டர் எழுதினார்.

கால்

பையைத் திறந்த அன்று கடைசியாகக் காலைப் பார்த்தோம். கால் பற்றி அவர் எந்தப் புகாரும் சொல்லவில்லை. புகார் இல்லாததே இங்கே கவலைக்குரியது. பத்து கிராம் நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்தினால் இரண்டு காலிலும் பெருவிரலடியிலும் முன்பாதத்திலும் தெரியவில்லை. அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கும் அதிர்வுக் கவையைக் கால் பெருவிரலில் வைத்தால் "சும்மா தொடுறீங்க" என்றார். நாடித்துடிப்பு நன்றாக இருந்தது. வலது பெருவிரலின் கீழே தடித்த ஆணி. அதை அவரே பிளேடால் செதுக்கிக்கொள்வாராம். டாக்டர் ஆணியைச் சீவி எடுத்தபோது அடியில் ஒரு சென்டிமீட்டர் அளவில் புண் இருந்தது. எலும்பு வரை போகவில்லை, எக்ஸ்ரேயிலும் எலும்பு நன்றாக இருந்தது. அவருக்கு வலியே இல்லை. மருமகள் பார்த்துவிட்டு அழுதார்.

இப்படிப்பட்ட புண் ஆற மருந்தைவிட முக்கியம், அதன்மேல் பாரம் விழாமல் இருப்பது. கழற்ற முடியாத கட்டு போட்டு முழங்கால் வரை மூடிவிடுவதுதான் முதல் தேர்வு. அவர் ஒரேயடியாக மறுத்தார். "நான் நிக்கலன்னா அடுப்பு எரியாது." அதை வீம்பு என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டின் தினச் செலவு அந்த அடுப்பில்தான். பேசிப்பேசி ஒரு நடுவழிக்கு வந்தோம்: புண்ணுள்ள இடத்தில் பாரம் விழாதபடி குழி வைத்துச் செய்த எம்சிஆர் (மெத்தென்ற ரப்பர்) செருப்பு, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடி மாவு ஊற்றுவது, தட்டு எடுத்துக் கொடுப்பதும் பாத்திரம் கழுவுவதும் மருமகள். இது இரண்டாந்தரத் தீர்வு என்று தெரிந்தே எடுத்த முடிவு. அவர் செய்ய மாட்டாத முதல்தரத் தீர்வால் பயனில்லை.

செருப்பு என்றதும் இன்னொரு சிக்கல். அடுப்படியில் செருப்புப் போடுவதா? வியாபாரம் செய்கிற இடத்தில் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்கள்? உள்ளே மட்டும் போடுவதற்கு ஒரு ஜோடி, அது வாசல் தாண்டாது, தினமும் துடைத்து வைக்கப்படும் என்று ஏற்பாடு செய்தபிறகு சரி என்றார். தினமும் இரவு மருமகள் டார்ச் அடித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்ப்பது. பிளேடு, ஆணிப் பிளாஸ்திரி, சூட்டு ஒத்தடம் மூன்றும் கூடாது.

முதல் மூன்று மாதங்கள்

முதல் வாரத்தில் சர்க்கரை 240 முதல் 310 வரை இருந்தது. மகனுக்குப் பொறுமை இல்லை. "சிஸ்டர், பழைய டோஸையே போட்டுடலாமா?" என்று இரண்டாம் நாளே கேட்டார். காரணத்தை மறுபடி விளக்கினோம். படிப்படியாகக் கூட்டி ஆறாம் வாரத்தில் காலை 18, இரவு 12 ஆனது. மேடுகளை விட்டுவிட்டு வயிற்றின் ஓரங்களிலும் தொடையிலும் வாரத்துக்கு ஒரு பக்கமாக மாற்றிப் போட்டார். புது இடத்தில் வலிக்கிறது என்று சொன்னார். அது உண்மை, வலிக்கத்தான் செய்யும்.

புட்டிக்கு அடுப்புப் பலகைக்குப் பதில் இரண்டு மண்சட்டி: பெரியதில் ஈர மணல், அதற்குள் சின்னது, அதற்குள் பிளாஸ்டிக் டப்பாவில் புட்டி. திறந்த புட்டியை அதில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதினார்கள். போடும் முன் உள்ளங்கையில் உருட்டிப் பால் போல் ஒரே சீராக ஆக்குவதும் இப்போதுதான் பழக்கமானது. சூட்டினால் எவ்வளவு வீரியம் போயிருந்தது, கட்டியால் எவ்வளவு போனது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எங்களிடம் வழியில்லை. சிரிஞ்சு, சூடு, கட்டி மூன்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்தோம்.

இந்தக் காலத்தில் ஒரே ஒரு முறை சர்க்கரை 66-க்கு இறங்கியது. கல்யாண வீட்டில் பந்தி தாமதமான நாள். முன்பெல்லாம் இப்படி வந்தால் கடலைமிட்டாய் கடிப்பார். அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். இந்த முறை மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்து, 94 வந்தபின் சாப்பிட்டிருக்கிறார். மறுநாள் போனில் அதைச் சொன்னது அவரே. கிறுகிறுப்பு என்று சொல்லவில்லை, "அறுபத்தாறு வந்துச்சு" என்றார்.

புண் பதினோராம் வாரத்தில் மூடியது. மூன்றாம் மாத எச்பிஏ1சி 9.3.

ஆறாம் மாதமும் அதற்குப் பின்னும்

சாப்பாட்டுப் பேச்சை இரண்டாம் மாதத்தில் அவரே தொடங்கினார். கருப்பட்டிக் காபி குடிக்கலாமா என்று கேட்டார். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று சொன்னதில் அவருக்கு வருத்தம். பிறகு மதியச் சோற்றைப் பாதியாக்கி, தட்டில் பாதி இடம் கீரை, காய் என்று வைத்தார். சுவரில் ஒட்டியிருக்கும் ஆப்பிள், ப்ராக்கோலி படத்தைப் பார்த்து இதையெல்லாம் யார் கற்றுக்கொள்வார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நாங்கள் அவருடைய கடைத் தட்டிலேயே அளந்து காட்டினோம்.

ஆறாம் மாதம் எச்பிஏ1சி 8.0. அளவு அதே 30 யூனிட். சீட்டில் 60 இருந்தபோது 11.2 இருந்தது. ஏற்கெனவே தாழ்சர்க்கரை வந்தவர், கண்ணிலும் சிறுநீரகத்திலும் பாதிப்பு உள்ளவர் என்பதால் ஏழுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் அவசரப்படவில்லை. ஆல்புமின் விகிதம் 180-இலிருந்து 110 ஆனது. ரத்த அழுத்தம் 134/82. வலது கண்ணில் வீக்கம் குறைந்தது, ஆனால் பார்வை முழுசாகத் திரும்பவில்லை. கண்ணில் ஊசி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

கால் மரத்தது மரத்ததுதான். அது திரும்ப வராது என்று முதலிலேயே சொல்லியிருந்தோம். இப்படி ஆறிய புண் பத்தில் நான்கு பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி வருகிறது. இவருக்கும் சித்திரைத் திருவிழாவில் செருப்பில்லாமல் கோயிலைச் சுற்றியதில் இடது காலில் கொப்புளம் வந்தது. வெயில் கல் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. அன்று இரவே மருமகள் டார்ச்சில் பார்த்து, மறுநாள் காலையில் கூட்டிவந்துவிட்டார். ஒன்பது நாளில் ஆறியது. கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்வது எங்கள் வேலை இல்லை. விடிகாலையிலோ இருட்டிய பின்போ போவது, கெட்டியான காலுறை போடுவது என்று பேசியிருக்கிறோம். காலுறைக்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

நடைமுறையில் மாறியவை

இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்காதவர் என்று யார் வந்தாலும், அளவைக் கூட்டும் முன் சொந்த மருந்துப் பையோடு வந்து போட்டுக் காட்ட வேண்டும் என்பது இப்போது கிளினிக்கில் விதி. கிளினிக் சிரிஞ்சைக் கொடுத்துப் போடச் சொல்வதில்லை. அப்படிச் செய்திருந்தால் இந்த அம்மா சிவப்பு மூடியில் 36 வரை சரியாக இழுத்துக் காட்டியிருப்பார், நாங்களும் பாராட்டி அனுப்பியிருப்போம்.

டாக்டர் சீட்டில் யூனிட் எண்ணோடு 40 அல்லது 100 என்பதும் மூடியின் நிறமும் எழுதப்படுகின்றன. சீட்டைப் பார்த்துக் கொடுக்கும்படி பக்கத்து மெடிக்கல் ஷாப்களில் பேசினோம். சிலர் உடனே ஒத்துழைத்தார்கள். சிலர் எந்த மூடி கையில் இருக்கிறதோ அதையே இன்னும் கொடுக்கிறார்கள். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமும் சிரிஞ்சு மூடியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். அவர் ஏற்கெனவே வீட்டுக்குள் போகிறவர், எங்களால் போக முடியாத இடம் அது.

"மயக்கம் வருதா?" என்ற கேள்வியை விட்டுவிட்டோம். அதற்கு ஆளுக்கொரு பதில் வருகிறது. "எந்த நாள், எத்தனை மணிக்கு, அன்றைக்கு என்ன புதுசு?" என்று கேட்கிறோம். மீட்டர் இருந்தால் நோட்டை மட்டும் பார்க்காமல் நினைவகத்தையும் தேதியோடு எழுதிப் பார்க்கிறோம்.

இன்னும் தீராதது சிரிஞ்சுச் செலவு. மாதத்துக்குத் தேவையான சிவப்பு மூடி சிரிஞ்சுகள் முழுசாகப் புட்டியோடு கிடைத்தால் கடைக்குப் போகும் தேவையே வராது. இந்த அம்மாவின் வீட்டில் இப்போதும் ஒரு சிரிஞ்சை இரண்டு தரம் பயன்படுத்துகிறார்கள். புதிதாகப் போடச் சொல்கிறோம், அவர் விலையைச் சொல்கிறார். அடுத்த பரிசோதனை ஒன்பதாம் மாதத்தில்.